ஒரு ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள்: யாரும் சொல்லாத சோல், ராக் இசையைத் தேடுவது எப்படி

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஆப்ல எப்பப் பாத்தாலும் அதே நாலு இங்கிலீஷ் பேண்டுதான் வருது. மத்த நாட்டுலயும் சோல், ராக் எல்லாம் இருந்திருக்கும்ல, அதையெல்லாம் எப்படித் தேடிப் புடிக்கிறது? பாஷை புரியாது, ரெக்கார்டு வாங்கக் காசும் இல்ல." கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் வேறு இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: சோல் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்கள் சர்ச் பாட்டின் உருக்கத்தோடு பாடிய இசை, ராக் என்றால் எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் முன்னால் நிற்கும் இசை.

முதலில் அந்த ஆப். இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் அது அடுத்த பாட்டை எடுத்துக் கொடுக்கிறது. லட்சக்கணக்கான பேர் கேட்ட பாட்டுக்கு அந்தக் கணக்கு நிறைய இருக்கும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் கொஞ்சம் பிரதிகளோடு நின்றுபோன ஒரு ஆல்பத்துக்கு எங்கிருந்து வரும்? அதனால் அது தானாக உங்கள் முன்னால் வந்து நிற்காது, நீங்கள்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒரே வழிதான். உலகம் முழுக்க மேயாதீர்கள். ஒரு ஊர், ஒரு பத்தாண்டு என்று பிடித்துக்கொண்டு அதிலேயே கொஞ்ச நாள் குடியிருங்கள். அந்த ஊரில் பேண்டுகள் எங்கே வாசித்தன, யார் காசு கொடுத்தார்கள், ரெக்கார்டு போட்ட கம்பெனி எது, எல்லாம் எப்போது நின்றது, ஏன் நின்றது என்று கேட்டுக்கொண்டே போனால் பாட்டுகள் தானாக வரும். இசை காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இசை காரணமாக இருக்காது. போர், ராணுவ ஆட்சி, ஊரடங்கு, ஆலை மூடுவது, ஏற்றுமதிப் பொருளுக்கு விலை விழுவது, இப்படி ஏதாவது ஒன்றுதான் இருக்கும். எங்கே இந்த மாதிரி ஒரு வெட்டு விழுந்திருக்கிறதோ, அதற்கு முந்தைய பத்து வருஷத்தைத் தோண்டுங்கள்.

ஜாம்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் சுதந்திரம் வாங்கிய நாடு, பிழைப்பே தாமிரச் சுரங்கம்தான். தாமிரம் நல்ல விலைக்குப் போன காலத்தில் சுரங்க ஊர்களில் சம்பளப் பணம் புழங்கியது, பையன்கள் கையில் எலெக்ட்ரிக் கிதார் வந்தது, வார இறுதியில் பேண்ட் வைத்து ஆட்டம் போட இடம் இருந்தது. அதிபர் கென்னத் கவுண்டா, வானொலியில் 95 சதவீதம் உள்நாட்டு இசைதான் ஒலிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ரோலிங் ஸ்டோன்ஸும் ஹெண்ட்ரிக்ஸும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வேறு வழியில்லாமல் தாங்களே எழுதித் தாங்களே பாட ஆரம்பித்தார்கள். அதில் பிறந்ததுதான் ஜாம்ராக். அதில் முக்கியமான பேண்ட் விட்ச். அதன் பாடகர் இமானுவேல் சாண்டாவை ரசிகர்கள் ஜகாரி என்று கூப்பிட்டார்கள், ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரின் பெயரைத்தான் அப்படித் தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். 1975-இல் வந்த 'லேசி போன்ஸ்' ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். கிதார் முழுக்க ஃபஸ் பெடல் போட்ட கரகரப்பு, டிரம்ஸ் பின்னால் எங்கோ மெலிசாக ஓடும், ஜகாரி கத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் மாதிரிப் பாடுவார். மேலைநாட்டு ராக்கில் இருக்கிற பிரம்மாண்டம் இதில் இருக்காது. அந்த எளிமைதான் எனக்கு உயிர். அதே வருஷம் அமனாஸ் என்ற பேண்ட் 'ஆப்பிரிக்கா' என்று ஒரே ஒரு ஆல்பம் போட்டது, அதையும் விடாதீர்கள். ரிக்கி இலிலோங்கா, பால் இன்கோசி என்று அங்கிருந்து கிளைகள் பிரிந்துகொண்டே போகும்.

அப்புறம் என்ன ஆயிற்று? எழுபதுகளின் நடுவில் தாமிர விலை விழுந்தது. பக்கத்து நாடுகளின் போரால் இருட்டடிப்பும் ஊரடங்கும் வந்தன, ராத்திரி ஆட்டம் நின்றது, திருட்டு கேசட்டுகள் ரெக்கார்டு வியாபாரத்தைச் சாப்பிட்டன, பின்னால் எய்ட்ஸ் அந்தத் தலைமுறை இசைக்காரர்களில் பலரைக் கொண்டுபோய்விட்டது. ஜகாரி ரத்தினக்கல் தோண்டப் போனார். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 'நவ்-அகெய்ன்' என்ற லேபிள், அதாவது ரெக்கார்டு கம்பெனி, பழைய ஆல்பங்களை மறுபடி வெளியிட்டபோதுதான் உலகம் அவரைத் தேடிப் போனது. வயதான காலத்தில் மறுபடி மேடை ஏறினார், 2023-இல் விட்ச் புது ஆல்பமே போட்டது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டுகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் வேறு கனத்தில் இறங்கும்.

இரண்டாவது ஊர், அடிஸ் அபாபா. இதில் நான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் நம் காதுக்கு இதைவிடச் சுலபமான வாசல் இல்லை.

எத்தியோப்பியாவில் ஹைலே செலாசி பேரரசராக இருந்தபோது நல்ல பேண்டுகள் எல்லாம் அரசாங்கத்துடையவை. அரண்மனைக் காவல்படைக்கு ஒரு பேண்ட், போலீசுக்கு ஒன்று, ராணுவத்துக்கு ஒன்று. ரெக்கார்டு போடும் உரிமையும் அரசாங்கத்தின் கையில்தான். 1969-இல் அம்ஹா எஷெடே என்ற இளைஞர் அந்தத் தடையை மதிக்காமல் சொந்த லேபிள் ஆரம்பித்தார். 1974-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஊரடங்கு போட்டு ராத்திரி வாழ்க்கையை முடக்கும் வரை ஒரு பொற்காலம். அமெரிக்க சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் மாதிரி அலறும் அலெமாயெஹு எஷெடே, பாஸ்டனில் படித்துவிட்டு வைப்ரஃபோன் என்ற உலோகப் பட்டை வாத்தியத்தோடு ஊர் திரும்பிய முலாட்டு அஸ்டாட்கே, உருகி உருகிப் பாடும் மஹ்மூத் அஹ்மத் எல்லாரும் அங்கே ஒரே காலத்தில் இருந்தார்கள். பிரான்சிஸ் ஃபால்செட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் 1997-இலிருந்து 'எத்தியோபிக்' என்ற வரிசையில் இவற்றைத் தொகுத்து வெளியிட்டார். நான்காம் தொகுதி முலாட்டு, ஏழாம் தொகுதி மஹ்மூத். இந்த இரண்டையும் கேட்டுவிட்டு மற்றதற்குப் போங்கள்.

ஏழாம் தொகுதியில் 'எரே மேலா மேலா' என்று ஒரு பாட்டு, 1975-இல் வந்தது. பேஸ் கிதார் ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும், அதன் மேல் சாக்ஸபோன்கள் சேர்ந்து இழுக்கும், தாளம் மூன்று மூன்றாக உடைந்து குதித்துக்கொண்டு வரும். வடசென்னையில் வளர்ந்த யாருக்கும் இந்த நடையைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சாவு மேளத்திலும் டப்பாங்குத்திலும் ஓடுவது இதே மூன்றடி நடைதான். மஹ்மூத் குரலை ஒரு ஸ்வரத்தில் நிறுத்தி நடுங்கவிடும்போது, விடிய விடிய மரண கானா பாடுகிறவரின் குரல் எனக்கு ஞாபகம் வரும். அப்புறம் இன்னொன்று. அவர்கள் இசையில் டிசிட்டா என்று ஓர் அடிப்படை அளவுகோல் இருக்கிறது, அதன் ஒரு வகையில் வரும் ஐந்து ஸ்வரமும் நம் மோகன ராகத்தின் ஸ்வரம்தான். மோகனத்தில் அமைந்த சினிமாப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காது, மொழி தெரியாவிட்டாலும் அங்கே அந்நியமாக நிற்காது. பாஷை புரியாதே என்று கவலைப்பட்டீர்களே, அதற்கு இதுதான் என் பதில். தாளத்தையும் ராகத்தையும் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள், அர்த்தத்தைப் பிறகு தேடிப் படித்துக்கொள்ளலாம்.

வடசென்னை என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் பக்கத்தில் இந்தத் தேடல் புதிதே இல்லை. துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் கப்பல்காரர்கள் மூலமாக வெளிநாட்டு ரெக்கார்டுகள் வந்தன. பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்களுக்காக 1969-இல் வந்த பர்மா பஜாரில் கேசட் காலம் முழுக்க எது எதுவோ கிடைத்தது. 1985-இல் தீப்பிடித்து அழியும் வரை மூர் மார்க்கெட் பழைய இசைத்தட்டுக்குப் பேர்போன இடம். பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பேண்ட் வைத்து ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், உங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் போய்ப் பேசுங்கள். எந்த ஆப்பும் கொடுக்காத பெயர்களை அவர் கொடுப்பார். நான் சின்ன வயதில் ராயபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையே கதியென்று கிடந்தவன். காலி கேசட்டும் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டு வரிசையும் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். தொண்ணூறு நிமிஷ கேசட்டில் கடைசியில் மூன்று நான்கு நிமிஷம் மிச்சம் இருந்தால் கடைக்கார அண்ணன் தன் இஷ்டத்துக்கு ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவார், பெயரும் எழுத மாட்டார். நான் கேட்டு வாங்கியதைவிட அந்த மிச்சப் பாட்டுகள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. ரசனை உள்ள ஒரு ஆள் உங்களுக்காகத் தேர்ந்தெடுப்பதற்கு ஈடு எதுவும் கிடையாது.

இன்றைக்கு அந்த அண்ணன் வேலையைச் செய்வது சின்ன மறுவெளியீட்டு லேபிள்கள்தான். பாடகரைப் பின்தொடர்வதைவிட லேபிளைப் பின்தொடருங்கள். ஜாம்பியா, நைஜீரியா ராக்குக்கு நவ்-அகெய்ன். பெனின் நாட்டின் ஆர்கெஸ்டர் பாலி-ரித்மோ மாதிரி பேண்டுகள் வாசித்த மேற்கு ஆப்பிரிக்க ஃபங்குக்கு, அதாவது தாளம் தூக்கி நிற்கும் ஆட்ட இசைக்கு, ஃபிராங்க்ஃபர்ட்டின் 'அனலாக் ஆஃப்ரிக்கா'. அமெரிக்காவின் சின்ன ஊர்களில் முளைத்து அழிந்த சோல் கம்பெனிகளுக்கு சிகாகோவின் 'நியூமரோ குரூப்', அவர்களுடைய 'எக்சென்ட்ரிக் சோல்' வரிசையில் முதலாவது, ஒஹையோவின் கொலம்பஸ் நகரத்துக் கேப்சோல் லேபிள் பற்றியது. சோமாலியாவுக்கு 'ஆஸ்டினாட்டோ'. 1988-இல் சியாத் பாரே அரசு ஹர்கேசா நகரத்தில் குண்டு போட்டபோது அந்த ஊர் வானொலிக்காரர்கள் பாட்டு நாடாக்களை மண்ணுக்கடியில் புதைத்துக் காப்பாற்றினார்கள். அப்படித் தப்பிய பாட்டுகளிலிருந்து 2017-இல் ஒரு தொகுப்பு வந்து கிராமி பரிந்துரை வரை போனது. தலைப்பு 'ஸ்வீட் ஆஸ் புரோக்கன் டேட்ஸ்'. அதில் பாடும் பெண் குரல்களைக் கேட்டால் சில இடங்களில் பழைய இந்தி சினிமாவின் சாயல் தெரியும், இந்தியப் பெருங்கடலைச் சுற்றி இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

சோல் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வடக்கே விகன் என்று ஒரு ஊர், பஞ்சாலையும் நிலக்கரிச் சுரங்கமுமாக இருந்த இடம். 1973-இலிருந்து 1981 வரை அங்கே விகன் கேசினோ என்ற நடன அரங்கில் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஆரம்பித்துக் காலை எட்டு மணி வரை ஆடுவார்கள். போட்டதெல்லாம் டெட்ராய்ட், சிகாகோ பக்கம் அறுபதுகளில் வெளியாகி விற்காமல் போன சோல் ரெக்கார்டுகள். வாரம் முழுக்க ஆலையில் வேலை செய்த பிள்ளைகள் அமெரிக்காவே மறந்துபோன பாடகர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். டிஜேக்கள் போட்டிக்காரன் பார்த்துவிடக் கூடாது என்று ரெக்கார்டின் நடுவில் பெயர் அச்சிட்ட சீட்டின் மேல் காகிதம் ஒட்டி மறைத்து, வேறு பெயர் சொல்லிப் போட்டார்கள். இதற்கு நார்தர்ன் சோல் என்று பெயர். 1996-இல் மூடிய பி அண்ட் சி மில்லின் நிழலில் வளர்ந்த எனக்கு இந்தக் கதை ரொம்ப நெருக்கம். ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ' ரெக்கார்டின் ஒரு பிரதி 2009-இல் இருபத்தைந்தாயிரம் பவுண்டுக்கு மேல் போனது. நமக்கு அந்த வட்டத்தட்டு வேண்டாம், பாட்டு இலவசமாகவே கேட்கக் கிடைக்கிறது, இரண்டரை நிமிஷம்தான், எழுந்து ஆடாமல் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். ஆடாமல் உட்கார்ந்து அழ வேண்டும் என்றால் மெம்பிஸின் ஜேம்ஸ் கார், ஓ. வி. ரைட் இருவரிடம் போங்கள். இரண்டு பேருமே சர்ச்சில் பாடி வந்தவர்கள், காதல் பாட்டிலும் அந்தப் பிரார்த்தனை கேட்கும்.

மற்ற ஊர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். துருக்கியில் 1965-இல் ஹுரியத் பத்திரிகை ஒரு பாட்டுப் போட்டி ஆரம்பித்தது, மேலைநாட்டு வாத்தியத்தில் துருக்கிப் பாட்டை வாசிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அனடோலிய ராக், அதாவது துருக்கி நாட்டுப்புறப் பாட்டு கலந்த ராக், வேகம் எடுத்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். எர்கின் கோராய், பாரிஷ் மான்சோ, ஜெம் கராஜா மூவரும் பெரிய பெயர்கள். எனக்குப் பிடித்தது செல்டா பாஜான் 1976-இல் போட்ட ஆல்பம். ஏழைகளுக்காகக் கோபமாகப் பாடும் ஒரு பெண், பின்னால் சாஸ் என்ற துருக்கித் தந்தி வாத்தியத்தின் மின்சார வடிவமும் சிந்தசைசரும். எண்பதுகளில் பாட்டுக்காகவே ஜெயிலுக்குப் போனவர். பெருவில் லிமா நகரத்து லோஸ் சைகோஸ் 1965-இலேயே, பங்க் என்ற முரட்டு ராக்கின் பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பு, ரயில் நிலையத்தை இடித்துத் தள்ளுவோம் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அதே நாட்டில் அமேசான் ஓரத்து ஹுவானெகோ இ சு கோம்போ எலெக்ட்ரிக் கிதாரில் கும்பியா என்ற லத்தீன் அமெரிக்க ஆட்ட இசையை வாசித்தது, 1977-இல் விமான விபத்தில் பேண்ட்காரர்கள் பலர் இறந்துபோனார்கள். இந்தோனேசியாவில் பீட்டில்ஸ் மாதிரி வாசித்ததற்காகவே கோஸ் பெர்சௌதாரா சகோதரர்களை 1965-இல் சிறையில் போட்டார்கள்.

கம்போடியாவை வேகமாகக் கடக்க எனக்கு மனசு வராது. சின் சிசமுத், ரோஸ் செரெய் சோதியா, பான் ரோன் என்று அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் நோம் பென் நகரத்தில் பாடியவர்கள். 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை நகரத்தைப் பிடித்து மக்களை வெளியே துரத்தியது. இந்த மூன்று பேருமே அந்த ஆட்சியில் அழிந்துபோனார்கள், எப்படி இறந்தார்கள் என்பதுகூடத் தெளிவாக இல்லை. தப்பிய கேசட்டுகளிலிருந்து 1996-இல் 'கம்போடியன் ராக்ஸ்' என்ற தொகுப்பு அமெரிக்காவில் வந்தபோது அதில் பாடகர் பெயரோ பாட்டின் பெயரோ இல்லை. கேட்டவர்கள் பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். அதனால் ஒரு வேண்டுகோள். ஒரு பாட்டு பிடித்துப்போய் நண்பருக்கு அனுப்பும்போது பாடியவர் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். உயிரையே இழந்தவர்களின் பெயரையும் நாம் தொலைக்கக் கூடாது. இவர்கள் பாட்டில் பலவற்றுக்குப் பின்னாளில் புது டிரம்ஸ் சேர்த்த பதிப்புகளும் சுற்றுகின்றன, அடி மட்டும் தனியாகப் பளிச்சென்று கேட்டால் வேறு பதிவைத் தேடுங்கள்.

இனி வேலைமுறை. ரெக்கார்டுகளின் பட்டியல் இருக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் நாடு, வகை, பத்தாண்டு என்று வடிகட்டித் தேடலாம். ஒரு ஆல்பம் பிடித்துவிட்டால் அதன் பக்கத்தில் பேஸ் வாசித்தவர், டிரம்ஸ் வாசித்தவர் பெயரைத் தொட்டுப் பாருங்கள், அவர் வாசித்த மற்ற ரெக்கார்டுகள் வரும். பாடகர்கள் மாறுவார்கள், ஒரு ஊரின் சத்தம் பெரும்பாலும் இந்தப் பின்வரிசை ஆட்களிடம்தான் இருக்கும். நம் சினிமாவில் ஒரே இசைக்குழு எத்தனை படத்துக்கு வாசித்தது என்று உங்களுக்கே தெரியும். யூடியூபில் தேடும்போது ஆங்கில எழுத்தில் தேடாதீர்கள். பாடகரின் பெயரை அம்ஹாரிக், கம்போடியாவின் கெமர், தாய்லாந்து எழுத்தில் விக்கிப்பீடியாவிலிருந்து நகலெடுத்து ஒட்டித் தேடுங்கள், உள்ளூர்க்காரர்கள் ஏற்றிய பாட்டுகள் அப்போதுதான் வரிசையாக வரும். கீழே வந்திருக்கும் கருத்துகளை மொழிபெயர்த்துப் படியுங்கள், யாரோ ஒருவர் தன் அப்பா அந்த பேண்டில் வாசித்ததை எழுதியிருப்பார். லண்டனின் என்டிஎஸ் வானொலி இலவசம், அதில் நிகழ்ச்சியின் பாட்டு வரிசையும் கிடைக்கும். முதல் தடவை கேட்டு ஒட்டவில்லை என்று தள்ளிவிடாதீர்கள், எங்கள் வீட்டில் பழையது மாதிரி சில பாட்டுகள் மறுநாள்தான் ருசிக்கும்.

தமிழிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்றால் கடலைத் தாண்டிப் பார்த்தால் போதும். இலங்கையில் அறுபதுகளின் கடைசியிலிருந்து நித்தி கனகரத்தினமும், 'சுராங்கனி'யால் நமக்குத் தெரிந்த ஏ. ஈ. மனோகரனும் பைலா என்ற இலங்கை ஆட்டத் தாளத்தில் தமிழ் பொப் பாடினார்கள். மனோகரன் கடைசியில் சென்னையில்தான் வாழ்ந்து 2018-இல் காலமானார். அவர் பாடியதில் நாம் கேட்டது ஒன்றிரண்டுதான், மிச்சம் அப்படியே கிடக்கிறது. இந்தியாவில் 1970, 1971 இரண்டு வருஷமும் சிகரெட் கம்பெனி ஒன்று நடத்திய சிம்லா பீட் போட்டியின் ரெக்கார்டுகளில் நம் நாட்டுக் கல்லூரிப் பையன்களின் கராஜ் ராக், அதாவது கற்றுக்குட்டிகளின் கரடுமுரடான ராக், இருக்கிறது. இன்றைய காலத்துக்கு தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இருக்கிறது, கானாவும் ராக்கும் ராப்பும் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டிய நம் பேண்ட்.

காசு விஷயம். ரெக்கார்டு வாங்கவே வேண்டாம். மேலே சொன்ன லேபிள்களில் பெரும்பாலானவை பேண்ட்கேம்ப் தளத்தில் இருக்கின்றன, பல ஆல்பங்களை அங்கேயே இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம். எப்போதாவது கையில் நாலு காசு மிஞ்சினால் ஒரு டிஜிட்டல் ஆல்பத்தை அங்கேயே வாங்குங்கள். வாங்குவதற்கு முன்னால், அந்தப் பாடகருக்கோ அவர் குடும்பத்துக்கோ பணம் போகிறதா என்று லேபிள் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். நல்ல லேபிள்கள் யாரைத் தேடிப் பிடித்து ஒப்பந்தம் போட்டோம் என்பதை ஆல்பக் குறிப்பிலேயே சொல்லியிருக்கும். இந்த வாரம் ஜாம்பியாவில் ஆரம்பியுங்கள், விட்சும் அமனாஸும் கேட்டுவிட்டு எந்தப் பாட்டு பிடித்தது என்று எழுதுங்கள், அதை வைத்து அடுத்த ஊரைச் சொல்கிறேன்.